78 ஜிபிக்கு வீங்கிய மெய்நிகர் வட்டை இளைக்க வைப்பது எப்படி?

கேள்வி கேட்ட நண்பர் பெங்களூரில், பிடிஎம் லேஅவுட்டில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார். தம்முடைய விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) வழியாக ஓர் உபுண்டுவை (லினக்ஸ் வகை இயங்குதளம்) வைத்திருக்கிறார். அதன் வட்டு 100 ஜிபி வரை வளரலாம் என்று தொடக்கத்திலேயே அமைத்திருக்கிறார். உபுண்டுவுக்குள் பார்த்தால் 23 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. ஆனால் வெளியே விண்டோஸில் அந்த வட்டாக வேலை செய்யும் விடிஐ கோப்பு 78 ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மடிக்கணினியில் மிச்சம் 6 ஜிபி. உள்ளே எவ்வளவோ அழித்துப் பார்த்தும் வெளியே ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. காலி இடம் முழுவதையும் டிடி என்ற லினக்ஸ் கட்டளையால் பூஜ்யமாக நிரப்பிவிட்டுச் சுருக்கினால் போதும் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா, அந்த 100 ஜிபியையே 40 ஆக்கிவிட முடியுமா என்பது நண்பரின் கேள்வி.

இதில் 100, 78, 23 என்று மூன்று எண்கள் இருக்கின்றன; மூன்றும் மூன்று பேர் தனித்தனியாக எழுதும் கணக்கு. 100 என்பது உபுண்டுவிடம் 'உன் வட்டு இவ்வளவு பெரியது' என்று சொல்லி வைத்திருக்கும் எண். 23 என்பது உபுண்டுவுக்குள் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் கோப்பு முறைமையின் கணக்கு. 78 என்பது விர்ச்சுவல்பாக்ஸ் இதுவரை விண்டோஸிடம் கேட்டு வாங்கிய இடம். நண்பருக்கு உண்மையில் வேண்டியது 78ஐ 23க்குப் பக்கத்தில் கொண்டு வருவது. 100ஐக் குறைப்பது வேறு வேலை; அதைப் பிறகு சொல்கிறேன். 17 ஆண்டுகளாக பெங்களூரில் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். இந்த மூன்று எண்களையும் குழப்பிக்கொண்டு தவறான எண்ணைக் குறைக்கப் போய் வட்டையே கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

விடிஐ கோப்பு 1 எம்பி அளவுள்ள துண்டுகளாக வளர்கிறது. உபுண்டு இதுவரை தொடாத ஒரு பகுதியில் முதன்முறையாக எழுதும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் அந்தப் பகுதிக்கென ஒரு துண்டைக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொள்கிறது. பின்னர் நீங்கள் உள்ளே ஒரு கோப்பை அழித்தால், உபுண்டுவின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டில் 'இந்த இடம் இனிக் காலி' என்று குறித்துக்கொள்வதோடு சரி. தரவு இருந்த இடத்தை அது தொடுவதில்லை. அந்தக் குறிப்பேட்டைப் படிக்க விர்ச்சுவல்பாக்ஸுக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்தவர் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்காமலே ஊருக்குப் போய்விட்டது போன்ற நிலை இது: வீடு காலி, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்கர் இமேஜ்களை (ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதிகள்) திரும்பத் திரும்பக் கட்டி அழிப்பவர்களுக்கு இது சீக்கிரமே முற்றிவிடும். புதிதாக எழுதப்படுபவை பழைய காலி இடத்திலேயே போய் உட்காரும் என்று எந்த உறுதியும் இல்லை. ஈஎக்ஸ்டி4 வட்டை 128 எம்பி அளவுள்ள தொகுதிகளாகப் பிரித்து, கோப்பகங்களை அவற்றினிடையே பரப்பி வைக்கும் வழக்கமுடையது. ஆகவே 23 ஜிபி பயன்பாடு 78 ஜிபி கோப்பு முழுவதும் சிதறிக் கிடப்பதில் வியப்பில்லை.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: 'காலி' என்ற செய்தியை உள்ளிருந்து வெளியே கொண்டு சேர்ப்பது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. காலி இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு, முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் துண்டுகளை வெளியிலிருந்து தேடிக் கழித்துவிடச் சொல்வது ஒரு வழி. எஸ்எஸ்டிகளுக்குச் சொல்வது போலவே 'டிரிம்' கட்டளை மூலம் 'இந்த இடம் எனக்கு வேண்டாம்' என்று கெஸ்ட் (உள்ளே ஓடும் உபுண்டு) நேரடியாகச் சொல்வது இன்னொரு வழி. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் அடியில் நடப்பது இந்த இரண்டில் ஒன்றுதான். இடையில் இருக்கும் ஏதாவது ஓர் அடுக்கு அந்தச் செய்தியை விழுங்கிவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை.

உடன் வேலை செய்பவர் சொன்ன டிடி யோசனை கொள்கையளவில் சரி. ஆனால் உங்கள் நிலைமைக்குத் தவறு. டிடி, காலி இடம் தீரும் வரை பூஜ்யங்களை ஒரு பெரிய கோப்பாக எழுதிக்கொண்டே போகும். அப்படி எழுதும்போது இதுவரை தொடப்படாத பகுதிகளும் தொடப்படுவதால், 78 ஜிபி கோப்பு சுருங்குவதற்கு முன் 100 ஜிபியை நோக்கி வளரக்கூடும். அதற்கு 22 ஜிபி வேண்டும். உங்களிடம் இருப்பது 6. ஹோஸ்டின் (வெளியே இருக்கும் கணினியின்) வட்டு நிரம்பிவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் மெய்நிகர் கணினியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு இடமில்லை என்று செய்தி காட்டும். தரவு உடனே கெட்டுவிடாது. ஆனால் விண்டோஸும் மூச்சுத்திணறும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கேவிஎம் (லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) ஹோஸ்டில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரே சேமிப்பகத்தில் 11 மெய்நிகர் கணினிகள் இருந்தன. ஒன்றில் டிடியை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது சேமிப்பகம் நிரம்பி, எழுத முயன்ற ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்ட நிலைக்குப் போயிருந்தது. இடமில்லை என்ற பிழை வந்தால் கேவிஎம்மோடு சேர்ந்து ஓடும் கியூஎமு மென்பொருள் இயல்பாகவே அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதை அன்றுதான் அனுபவமாகக் கற்றேன். தவறு முழுக்க என்னுடையது.

உங்களுக்கு ஏற்றது ஸீரோஃப்ரீ என்ற சிறு கருவி. அது ஈஎக்ஸ்டி வகைக் கோப்பு முறைமைகளின் குறிப்பேட்டைப் படித்து, காலி என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் பார்த்து, ஏற்கெனவே பூஜ்யமாக இருப்பதை விட்டுவிட்டு, பழைய தரவு எஞ்சியிருக்கும் இடங்களில் மட்டும் பூஜ்யம் எழுதும். தொடாத இடத்தைத் தொடாததால் விடிஐ கோப்பு நடுவில் பருக்காது. ஆனால் இந்த வழியில் இறங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவை உங்கள் கேள்வியில் இல்லை என்பதால் நான் எதையும் ஊகித்துக்கொள்ள முடியாது.

முதலாவது, ஸ்னாப்ஷாட்; அதாவது பின்னால் திரும்பிப் போக வசதியாக வட்டின் ஒரு கணத்து நிலையைச் சேமித்து வைப்பது. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தாலும், அதற்குப் பின் எழுதப்படுவதெல்லாம் மூல விடிஐயில் போகாமல் தனியான வேறுபாட்டுக் கோப்பு ஒன்றில் போய்ச் சேரும். அந்த நிலையில் பூஜ்யம் எழுதினால் மூலக் கோப்பு அப்படியே இருக்க, வேறுபாட்டுக் கோப்பு பருக்கும். நோய்க்கு மருந்தே நோயாகிவிடும். ஸ்னாப்ஷாட்டுகளை விர்ச்சுவல்பாக்ஸின் திரையிலிருந்தே நீக்குங்கள். கோப்புறைக்குள் போய்க் கையால் அழித்துவிடாதீர்கள். நீக்கும்போது அது கோப்புகளை ஒன்றாக இணைக்கும். அதற்குத் தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படலாம். 6 ஜிபியை வைத்துக்கொண்டு அதைத் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது, மறையாக்கம் (என்கிரிப்ஷன்). உபுண்டுவை நிறுவும்போது வட்டை மறையாக்கம் செய்யும் தேர்வில் டிக் செய்திருந்தால் உள்ளே லக்ஸ் என்ற மறையாக்க அடுக்கு ஒன்று இருக்கும். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் வகைப் பத்தியில் 'கிரிப்ட்' என்று தெரியும். அப்படியிருந்தால் ஸீரோஃப்ரீயை ஓட்டவே கூடாது. நீங்கள் எழுதும் பூஜ்யம் லக்ஸ் வழியாகப் போகும்போது தாறுமாறான எண்களாக மாறித்தான் விடிஐயில் பதியும். வெளியிலிருந்து பார்க்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அங்கே ஒரு பூஜ்யம்கூடத் தெரியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. இதுவரை யாரும் எழுதாத பகுதியை லக்ஸ் மறைநீக்கம் செய்து காட்டும்போது அது குப்பையாகத் தெரியும். ஸீரோஃப்ரீ அதைப் பழைய தரவு என்று நினைத்துக்கொண்டு அங்கும் எழுதத் தொடங்கும். விளைவாக, சுருக்கப் போன கோப்பு முழு 100 ஜிபிக்கு வீங்கும். மறையாக்கம் இருக்கும் வட்டில் டிரிம் வழி ஒன்றுதான் வேலை செய்யும். அதற்கு மறையாக்க அமைப்புகளைக் கொண்ட கிரிப்ட்டேப் கோப்பில் 'டிஸ்கார்ட்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் வட்டின் எந்தப் பகுதிகள் காலி என்பது வெளியாட்களுக்குத் தெரியவரும், உள்ளடக்கம் தெரியாது. பெரும்பாலோருக்கு அது ஏற்கத்தக்க விட்டுக்கொடுப்பு என்பது என் கருத்து. உங்கள் அலுவலகத் தரவு உள்ளே இருந்தால் அதை முடிவு செய்யும் உரிமை உங்களுக்கோ எனக்கோ இல்லை.

மூன்றாவது, கோப்பு முறைமையின் வகை. ஸீரோஃப்ரீ ஈஎக்ஸ்டி2, 3, 4 ஆகியவற்றுக்கு மட்டுமே. எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் அது வேலை செய்யாது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் சுருக்கம் இயக்கப்பட்டிருந்தால் டிடியும் பயன்படாது. கோடிக்கணக்கான பூஜ்யங்களை எழுதினாலும் அது அவற்றை நசுக்கிக் கொஞ்ச இடத்தில் வைத்துக்கொள்ளுமே தவிர, பழைய தரவு கிடக்கும் இடத்தைத் தொடாது.

இந்த மூன்றிலும் தடையில்லை என்றால் வேலை எளிது. முதலில் உபுண்டுவுக்குள் குப்பையைக் கூட்டுங்கள்: மென்பொருள்களை நிறுவும் ஏபிடியின் பதிவிறக்கக் கிடங்கு, ஜர்னல் பதிவுகள், வேண்டாத டாக்கர் இமேஜ்கள். டாக்கரில் வால்யூம்களையும் சேர்த்து அழிக்கும் தேர்வைக் கொடுக்காதீர்கள். தரவுத்தளம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, உபுண்டுவை நிறுவப் பயன்படும் ஐஎஸ்ஓ கோப்பை அதன் சிடி டிரைவில் இணைத்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் முறையில் தொடங்குங்கள். மீட்பு முறையில் போய் ரூட் பார்ட்டிஷனை (உபுண்டு இருக்கும் வட்டுப் பிரிவு) படிக்க மட்டும் என்று மாற்றியும் செய்யலாம் என்பார்கள். ஏதாவது ஒரு சேவை அந்தப் பார்ட்டிஷனைப் பிடித்துக்கொண்டு விடாமல் அடம்பிடிப்பதை அடிக்கடி பார்த்திருப்பதால் நான் ஐஎஸ்ஓ வழியையே சொல்வேன். ஸீரோஃப்ரீ யூனிவர்ஸ் களஞ்சியத்தில் இருக்கிறது. அந்தத் தற்காலிக உபுண்டுவிலேயே நிறுவிக்கொள்ளலாம். எல்எஸ்பிஎல்கேயில் பார்ட்டிஷனின் பெயரை உறுதி செய்துகொண்டு, அது மவுண்ட் ஆகாத (பயன்பாட்டுக்கு இணைக்கப்படாத) நிலையில், விவரம் காட்டும் தேர்வுடன் ஓட்டினால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டிக்கொண்டே போகும். எல்விஎம் (வட்டுப் பிரிவுகளைக் குழுவாக நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் வால்யூம் குழுவை முதலில் இயக்கிக்கொள்ள வேண்டும். நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் பகுதியிலும் பழைய தரவு கிடக்கும். அது ஒன்றிரண்டு ஜிபிதான் என்றால் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

அது முடிந்ததும் மெய்நிகர் கணினியை முழுவதுமாக அணையுங்கள்; 'சேமித்து மூடு' போதாது. விண்டோஸின் கட்டளைத் திரையில் விபாக்ஸ்மேனேஜ் கருவியை 'மாடிஃபைமீடியம்' துணைக்கட்டளையுடனும் 'காம்பாக்ட்' விருப்பத்துடனும், விடிஐ கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். பழைய பதிப்புகளில் அதே கட்டளைக்கு 'மாடிஃபைஎச்டி' என்று பெயர். அது முழுக்கப் பூஜ்யமாக உள்ள துண்டுகளைக் கழித்து, கடைசியில் இருக்கும் துண்டுகளை அந்த இடைவெளிகளுக்கு நகர்த்தி, வாலை வெட்டிவிடும். இருக்கும் கோப்பிலேயே நடப்பதால் இரண்டாவது பிரதிக்கு இடம் தேவையில்லை. 6 ஜிபியோடு இருக்கும் உங்களுக்கு இதுதான் முக்கியம். புதிய கோப்புக்குப் படியெடுத்துச் சுருக்கும் வழிகள் எல்லாம் உங்கள் மடிக்கணினியில் நடக்காது. உங்கள் வட்டு விடிஐயாக இருப்பதும் நல்லதாயிற்று. விஎம்டிகே வகைக் கோப்பை இந்தக் கட்டளை சுருக்காது.

கோப்பு சரியாக 23 ஜிபிக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோப்பு முறைமை 4 கேபி அளவில் கணக்கு வைக்கிறது. விடிஐ 1 எம்பி அளவில் வைக்கிறது. ஒரு துண்டில் 256 சிறு கட்டங்கள் உண்டு. அதில் 255 காலியாக இருந்து, ஒன்றே ஒன்றில் ஏதோ ஓர் அமைப்புக் கோப்பின் நான்கு வரிகள் உட்கார்ந்திருந்தாலும் அந்த 1 எம்பி முழுவதும் விடுவிக்கப்படாது. சிறு கோப்புகள் நிறைந்த வட்டில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். நோட்.ஜேஎஸ் நிரல்களின் சார்புக் கோப்புறைகள் நிறைந்திருந்த என்னுடைய சோதனை வட்டு ஒன்றில் உள்ளே 19 ஜிபி இருந்தது. 61 ஜிபியாக இருந்த கோப்பு சுருக்கிய பின் 24 ஜிபியில் நின்றது. உங்களுடையது எங்கே நிற்கும் என்பது தரவு எப்படிச் சிதறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இனி 100ஐ 40 ஆக்குவது. விர்ச்சுவல்பாக்ஸின் அளவு மாற்றும் கட்டளை பெரிதாக்க மட்டுமே செய்யும்; சிறிதாக்காது. வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் கோப்பு முறைமையையும் பார்ட்டிஷனையும் ஜிபார்ட்டெட் போன்ற ஒன்றால் சுருக்கி, 40 ஜிபியில் புதிய விடிஐ ஒன்றை உருவாக்கி, அதற்குப் பெயர்த்து, இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் பூட்லோடரைச் சரிசெய்ய வேண்டும். முடியாத வேலை அல்ல. ஆனால் பலன் என்ன? 100 என்பது உச்சவரம்பு மட்டுமே. அது எந்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மீண்டும் வீங்காமல் ஒரு கடிவாளம் வேண்டும் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

அலுவலகத்தில் கேவிஎம் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அங்கே வழக்கமான வட்டுக் கோப்பு வகையான கியூகவ்2 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் துண்டு இயல்பாக 64 கேபி. ஆகவே விடிஐயைவிட நெருக்கமாகச் சுருங்கும். மெய்நிகர் கணினியின் அமைப்பில் வட்டுக்கு 'டிஸ்கார்ட்' என்பதற்கு 'அன்மேப்' என்று கொடுத்துவிட்டு, உள்ளே டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை ஓட்டினால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பு பிடித்திருக்கும் இடம் குறையும். விர்ட்டியோ-ஸ்கஸி என்ற முறையில் இணைத்த வட்டுகளில் இது நெடுங்காலமாக உண்டு. விர்ட்டியோ-பிளாக் வட்டுகளில் 2019இல் வந்த கியூஎமு 4.0, லினக்ஸ் 5.0 முதல்தான் உண்டு. பழைய கெஸ்ட் ஒன்றில் டிரிம் ஆதரவில்லை என்று பிழை வந்தால் முதலில் இதைப் பாருங்கள். குறைந்ததா என்பதை எல்எஸ் காட்டும் நீளத்தை வைத்து முடிவு செய்யாமல் உண்மையில் பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் டியூ கட்டளையால் பாருங்கள். கோப்பின் நடுவில் ஓட்டைகள் விழுமே தவிர நீளம் அப்படியே இருக்கலாம். கியூஎமு-ஐஎம்ஜி கருவியின் 'கன்வர்ட்' மூலம் புதுப் பிரதி எடுப்பது இன்னொரு வழி. ஆனால் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட்டுகள் புதிய பிரதியில் வராது. அதிலேயே அமுக்கிச் சேமிக்கும் தேர்வும் உண்டு. காப்பகத்துக்கு அது நல்லது. தினமும் ஓடும் கணினிக்கு வேண்டாம், ஏனெனில் திருத்தி எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் மீண்டும் அமுக்கப்படாத வடிவத்துக்கே திரும்பிவிடும்.

விர்ச்சுவல்பாக்ஸிலும் டிரிம் உண்டு. வட்டை இணைக்கும் கட்டளையில் 'டிஸ்கார்ட்', 'நான்ரொட்டேஷனல்' என்ற இரண்டையும் இயக்கினால், விடிஐ வகை வட்டுகள் டிரிமைக் கேட்டுத் தாமாகவே சுருங்கும். 1 எம்பி எல்லையில் தொடங்கும் முழுத் துண்டு காலியானால்தான் கணக்கில் வரும். இது ஆவணங்களில் உள்ளது, வேலையும் செய்கிறது. ஆனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பின் துண்டுகள் இடம் மாறுவதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. முக்கியமான வட்டு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அணைத்து வைத்துச் சுருக்குவதே எனக்கு நிம்மதி. இது என் சுபாவமே தவிர, அந்த வசதியில் குறை கண்டுபிடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, பிரதி. சுருக்கம் பாதியில் இருக்கும்போது மடிக்கணினி தூங்கிவிட்டாலோ, சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டாலோ விடிஐ கோப்பு மீட்க முடியாதபடி சிதையலாம். மின்கம்பியைச் செருகி, உறக்கத்தை நிறுத்தி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கு முன்னால் அந்த 78 ஜிபியை வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போய்ப் புதிதாக வாங்க வேண்டியதில்லை; அறையில் யாரிடமாவது ஓர் எக்ஸ்டர்னல் வட்டு இருக்கும், இரவல் வாங்குங்கள். அது எஃப்ஏடி32ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால் எக்ஸ்எஃப்ஏடியாகவோ என்டிஎஃப்எஸ்ஸாகவோ இருக்கட்டும். இரவல் வட்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் கேட்காமல் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். சுருக்கிய பின் உபுண்டுவைத் தொடங்கி, டாக்கரும் தரவுத்தளமும் எழுகின்றனவா என்று பாருங்கள். ஐஎஸ்ஓவிலிருந்து ஒருமுறை, கோப்பு முறைமையில் பிழை உண்டா என்று சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுங்கள். இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் வேலை பார்த்த பிறகு பழைய பிரதியை அழித்துவிட்டு, இரவல் வட்டைத் திருப்பிக் கொடுங்கள்.